ஏழாம் வினா

படிவத்தின் ஏழாம் வினா:
"இந்நிகழ்வால் பொதுமக்களுக்குக் கிடைக்கும் பயன் யாது?"
பதிலுக்கு மூன்று புள்ளிக்கோடுகள்.
எத்தனை கதிரை வேண்டும் என்ற பத்தாம் வினாவுக்கு
அரைப்பக்கம் விட்டிருக்கிறீர்கள்.
ஆகவே மன்னிக்கவும்,
மறுபக்கத்திலும் எழுதுகிறேன்.

நான் குழுவின் பொருளாளர்.
நடிக்கத் தெரியாது, கூட்டிக் கழிக்கத் தெரியும்.
வெள்ளவத்தையில் ஒரு புடைவைக்கடைக்குக் கீழே
வாகனம் நிறுத்தும் இடத்தில்
இரவு ஒன்பதுக்குப் பிறகு ஒத்திகை.
பதினோராம் தூண் அடகுக்கடை,
பன்னிரண்டாம் தூண் நீதிமன்றம்.
கடைக்காரரின் வான் பின்னுக்கு வந்தால்
நீதிபதி எழும்பி ஒதுங்குவார்.

ஒரு நிதிக் கம்பனி மூன்று லட்சம் தர வந்தது.
பதாகையில் பெயர், சரி.
இடைவேளையில் முகாமையாளர் உரை, அதுவும் சரி.
"அந்த அடகுக் காட்சியை மட்டும்
கொஞ்சம் மென்மையாக்கலாமா?"
பதினொரு பேர் கூடி வாக்கெடுத்தோம்.
பொய் சொல்லக்கூடாது,
ஆக்கலாம் என்றுதான் நான் கை தூக்கினேன்.
நாலுக்கு ஏழு. தோற்றேன்.

பிறகு கொட்டாஞ்சேனையில்
கூரை ஒழுகும் ஒரு மண்டபம். அனுமதி இலவசம்.
மூன்றாம் நாள் மழைக்கு ஒதுங்கி
உங்கள் சபையின் செம்மஞ்சள் மேலங்கியோடு
சிவலெட்சுமி என்று ஒருவர் உள்ளே வந்தார்.
விளக்குமாற்றைக் கதவோடு சாய்த்துவிட்டுக்
கடைசி வரிசையில் இருந்தார்.
மழை விட்டது. அவர் எழும்பவில்லை.
முடிந்ததும் என்னிடம் வந்து,
"அந்த அடகுக்கடைக்காரன எனக்குத் தெரியும்.
என் தோடு அவன்கிட்டதான் இருக்கு" என்றார்.
நடித்தவன் நிஸ்தார். பகலில் ஓட்டோ ஓடுகிறவன்.
அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.
பொதுமக்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது
அவரைத்தான் என்று நினைக்கிறேன்.

போன வருடம் உங்கள் உறுப்பினர் ஒருவர் கேட்டார்,
"ஆஸ்பத்திரியில் மருந்தில்லை,
நாடகத்துக்குக் காசா?"
நியாயமான கேள்வி. இரவு நித்திரை வரவில்லை.
எங்கள் ரொஷாந்தி மருந்தகத்தில் நிற்கிறவள்,
நாளுக்கு நாற்பது தரம் "இல்லை" என்கிறவள்.
மேடையில் அவளுக்கு அந்தச் சொல் ஒரே ஒரு தரம்.
அதைச் சொல்லிவிட்டு அவள் நிற்கிற நேரம்
இருமுகிறவர்கள்கூட இருமுவதில்லை.
இதை எந்தப் புள்ளிக்கோட்டில் எழுத?
இன்னொன்று, பொருளாளர் என்றபடியால் கேட்கிறேன்:
எங்களுக்குத் தராமல் விட்ட காசில்
எத்தனை குளிசை வாங்கினீர்கள்?
ரசீது இருந்தால் காட்டுங்கள்.

காலிமுகத்திடலில்
சூரியன் தன்பாட்டில்தான் விழுகிறது.
ஆனாலும் அதைப் பார்க்க நடைபாதை போட்டீர்கள்,
பிள்ளைகள் கடலில் விழாமல் கம்பி வைத்தீர்கள்,
உப்புக்காற்று அரிக்க அரிக்க வண்ணம் பூசுகிறீர்கள்.
அந்திக்கு என்ன பயன் என்று
அங்கே ஒருவரும் படிவம் நிரப்பவில்லை.
இஸ்ஸோ வடை தின்றபடி
சும்மா நிற்கிறோம், எல்லாரும்.

எங்கள் நாடகம் பெரிய திறமும் இல்லை.
இரண்டாம் பாதி இழுபட்டது.
பகிடி ஒன்று செத்தே பிறந்தது.
உங்கள் வீதிகளும் முதல் மழைக்கே குழி விழுகின்றன.
அதற்காக வீதியே வேண்டாம் என்று
யாரும் மனுப் போடுவதில்லையே.

கோரும் தொகை, எழுத்தில்:
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
மண்டப வாடகை, ஜெனரேற்றருக்கு டீசல்,
பிந்திப் போகும் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டோக் காசு.
நடிகர்கள் என்ற வரியில்
வழமைபோல் ஒரு பூச்சியம் போட்டேன்.
போட்ட பிறகு பேனையை மூட முடியவில்லை.
பத்துப் பேர், தலைக்கு ஐயாயிரம்.
பழைய தொகையை ஒரு கோட்டால் வெட்டி
ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று
மேலே எழுதியிருக்கிறேன்.
திருத்தத்துக்குப் பக்கத்தில்
என் சிறு கையொப்பம் இருக்கிறது.